சான்றிதழுக்கும் சம்பளத்துக்கும் நடுவே: காட்டூரை முன்வைத்துச் சில கேள்விகள்

1. கேள்வி

வேலையில்லாத இளைஞர்களுக்கு இலவசமாகக் கணினிப் பயிற்சி கொடுத்தால் வேலை கிடைத்துவிடுமா? கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் ஒன்றிய அரசும் மாநில அரசும் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பெரும் பணத்தைச் செலவழித்து வருகின்றன. அந்த நம்பிக்கையைத் திருச்சியின் கிழக்கே உள்ள காட்டூரை வைத்துச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பொதுத்துறைத் தொழிற்சாலை, அரசுத் தொழிற்பயிற்சி நிலையம், கல்லூரிகள், தகவல் தொழில்நுட்பப் பூங்கா எல்லாம் பக்கத்திலேயே இருக்கும் ஊர் அது. பயிற்சி வேலைக்கு வழியாகும் என்றால், அந்த வழி முதலில் இங்கே திறந்திருக்க வேண்டும்.

இதுபற்றி இதுவரை பேசியவர்களை இரு தரப்பாகப் பிரிக்கலாம். வேலைகள் இருக்கின்றன, அவற்றுக்கேற்ற திறன் இளைஞரிடம் இல்லை என்பது ஒரு தரப்பு. திறன் இருந்தும் வேலைகள் போதவில்லை என்பது மற்றொன்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட ‘இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை 2024’ இரு தரப்புக்கும் சான்று தருகிறது. கோப்பு இணைத்து மின்னஞ்சல் அனுப்பத் தெரியாத இளைஞர் 75 விழுக்காடு, கோப்பை நகலெடுத்து ஒட்டத் தெரியாதவர் 60 விழுக்காடு, விரிதாளில் ஒரு கணக்குச் சூத்திரம் போடத் தெரியாதவர் 90 விழுக்காடு என்கிறது அது. கைப்பேசியை அத்தனை வேகமாகக் கையாளும் ஒரு தலைமுறையைப் பற்றிய கணக்கு இது. அதே அறிக்கைதான், 2022இல் பட்டதாரி இளைஞரிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே வெறும் 3.4 விழுக்காடு என்றும் சொல்கிறது. படிக்காதவர் கிடைத்த கூலிக்குப் போயாக வேண்டும். படித்தவர் படிப்புக்கேற்ற வேலை வரும்வரை காத்திருக்கிறார், அந்த வேலை வருவதில்லை.

இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் பயிற்சி முடிந்த நாளுக்கும் முதல் சம்பள நாளுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை இரு தரப்புமே போதிய அளவு ஆராயவில்லை. அங்கே தீர்மானமாக வேண்டியவை இரண்டு: அந்தச் சான்றிதழை யார் மதிக்கிறார்கள், அந்த மாதங்களின் செலவை யார் சுமக்கிறார்கள். இலவசப் பயிற்சிகள் தவறும் இடம் இதுதான் என்பது என் வாதம்.

2. ஊர்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில், அரியமங்கலத்தைத் தாண்டி, திருவெறும்பூருக்கு முன்னால் இருக்கிறது காட்டூர். மாநகராட்சி எல்லைக்குள் வருகிற, ஆனால் நகரம் என்ற உணர்வை முழுதாகத் தராத பகுதி. மேற்கே பொன்மலை ரயில்வே பணிமனை, 1920களின் இறுதியிலிருந்து மூன்று நான்கு தலைமுறைகளுக்குச் சோறு போட்டது. கிழக்கே 1960களில் வந்த பெல் (பி.எச்.இ.எல்.) கொதிகலன் ஆலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும். பெல்லைச் சுற்றி, துவாக்குடி, மாத்தூர்ப் பக்கங்களில் நூற்றுக்கணக்கான சார்பு நிறுவனங்கள் முளைத்தன. இரும்புத் தகடு வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து கொடுக்கும் பட்டறைகள் அவை. அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர் 2010களில் சரிந்தபோது முதலில் அடிவாங்கியவையும் அவைதாம்.

ஆகவே காட்டூரில் வேலையில்லாமல் இருக்கும் இளைஞரைப் பற்றிப் பேசும்போது, தொழிலையே பார்த்திராத ஒருவரைப் பற்றிப் பேசவில்லை. அப்பாவோ சித்தப்பாவோ பட்டறையில் வெல்டராகவோ ஃபிட்டராகவோ இருந்த வீடுகள் இங்கே ஏராளம். பிள்ளை டிப்ளமோவோ பி.காம்.மோ படித்திருப்பார். வெல்டிங்குக்குப் போக வீடு விடாது. நவல்பட்டு எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் உள்ள நிறுவனங்கள் கேட்கும் ஆங்கிலமும் நிரலறிவும் அவரிடம் இருக்காது. இந்த நடு இடத்தில் நிற்பவருக்குத்தான் ‘டிஜிட்டல் திறன் பயிற்சி’ அறிவிப்பு வந்து சேர்கிறது.

3. திட்டங்களும் அவற்றின் அளவுகோலும்

திட்டங்களுக்குக் குறைவில்லை. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் 2015 ஜூலையில் தொடங்கியது. ஊரகக் குடும்பங்களில் ஆளுக்கு 20 மணி நேரம் கணினியறிவு தருவதற்கென்று 2017இல் வந்த திட்டம், 2024 மார்ச்சில் முடியும்போது 6 கோடிப் பேருக்கு மேல் பயிற்றுவித்ததாகக் கணக்குக் காட்டியது. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ முதன்மையாகக் கல்லூரி மாணவரை நோக்கியது. படிப்பை முடித்தும் விட்டும் வெளியே நிற்பவர்களுக்காக 2025 ஜூலையில் ‘வெற்றி நிச்சயம்’ வந்தது. பயிற்சிக் காலத்தில் ஊக்கத்தொகை உண்டு என்பதால் முந்தையவற்றினும் இது ஒருபடி மேலானது என்று கருதுகிறேன்.

காட்டூருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. மாநகராட்சிக்குள் இருப்பதால், ஊரகத்துக்கென வகுத்த கணினியறிவுத் திட்டமும் தீன்தயாள் உபாத்யாய திறன் பயிற்சித் திட்டமும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை. அதே வேளையில் நகரத்தின் பயிற்சி மையங்கள் தில்லைநகர், சத்திரம் பேருந்து நிலையம், கண்டோன்மென்ட் பக்கமே கூடிக் கிடக்கின்றன. வரைபடத்தில் நகரம், நடைமுறையில் ஓரம்.

இத்திட்டங்கள் தம்மை எப்படி அளந்துகொள்கின்றன என்பது இதைவிட முக்கியமானது. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பயனாளிகளில் 94.53 விழுக்காட்டினரின் வங்கிக் கணக்கு விவரம் வெறுமையாகவோ, சுழியங்களாகவோ, பொருளற்ற எழுத்துகளாகவோ இருந்தது என்கிறது அது. குறுகிய காலப் பயிற்சியில் சான்றிதழ் பெற்றவர்களில் வேலையில் அமர்த்தப்பட்டவர் 41 விழுக்காடு மட்டுமே. இதை ஊழல் செய்தியாக மட்டும் படித்து நகர்ந்துவிடுவது போதாது. பயிற்சி நிறுவனத்துக்குப் பணம் தலைக்கணக்கில், அதுவும் சேர்க்கை, வருகை, சான்றிதழ் என்ற படிகளைப் பார்த்தே பெரும்பாலும் போகிறது. அப்படியிருக்க, நிறுவனத்தின் கவனம் அந்தப் படிகளோடு நின்றுவிடுவதில் வியப்பில்லை. ஆறு மாதம் கழித்து அந்தப் பெண்ணோ பையனோ எங்கே இருக்கிறார் என்று தேடிப்போவது யாருடைய வேலையாகவும் இல்லை. ஒன்றிய அரசு அமைத்த சாரதா பிரசாத் குழு 2016இலேயே இந்தக் கட்டமைப்பைக் கடுமையாக விமர்சித்தது. தொழில்துறையின் தேவையைக் கண்டறிந்து சொல்ல வேண்டிய துறைத் திறன் குழுமங்கள் அதைச் செய்யவில்லை என்பது அதன் முதன்மையான குற்றச்சாட்டு.

4. லோயரும் ஹையரும்: ஒரு பழைய பயிற்சி முறை

இன்றைய திட்டங்களை எடைபோட வெளிநாட்டு முன்மாதிரியைத் தேட வேண்டியதில்லை. ஸ்ரீரங்கம் வீதிகளிலும் திருச்சிக் கடைவீதிகளின் மாடிகளிலும் இருந்த, சில இடங்களில் இன்றும் இருக்கிற தட்டச்சுப் பயிலகங்களைப் பார்த்தால் போதும். அவை இலவசமல்ல. மாதக் கட்டணம் கட்டி, நாளுக்கு ஒரு மணி நேரம் தமக்கென ஒதுக்கிய இயந்திரத்தில் உட்கார வேண்டும். முதல் சில வாரங்கள் ‘ஏ எஸ் டி எஃப்’ வரிசையைத் தவிர வேறெதுவும் கிடையாது. விரலைப் பார்த்து அடித்தால் மாஸ்டர் விசைப்பலகையின் மேல் அட்டையைக் கவிழ்த்து வைப்பார். அதற்குப் பிறகுதான் சொற்கள், கடிதம், கட்டம் போட்ட அறிக்கை.

தேர்வை நடத்தியது பயிலகம் அல்ல, அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை. ‘லோயர்’ எனப்பட்ட இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், ‘ஹையர்’ எனப்பட்ட முதுநிலைக்கு 45 சொல். வேகத்தாளுக்குப் பத்து நிமிடம். ஊரில் எந்தப் பயிலகத்தில் படித்தாலும் இந்த அளவு ஒன்றே. சான்றிதழைப் பார்த்ததும், அதை வைத்திருப்பவருக்கு என்ன செய்யத் தெரியும் என்று எந்த அலுவலகத்துக்கும் விளங்கிவிடும். அரசுப் பணியாளர் தேர்வாணையம் நிரப்பும் தட்டச்சர் பணிக்கு அது கட்டாயத் தகுதி. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று, இந்த ஊர்களிலிருந்து பம்பாய்க்கும் டெல்லிக்கும் ரயிலேறிய ஒரு தலைமுறையின் கதை பல குடும்பங்களுக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்து அக்கிரகாரங்களிலிருந்து அப்படிப் போனவர் மிகுதி. பிற்காலத்தில் பயிலக வாசல் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும் திறந்தது.

கடந்த காலத்தைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. கட்டணம் கட்ட முடியாதவர் அந்தப் படியேறவே முடியவில்லை என்பது அம்முறையின் பெருங்குறை. ஆனால் பயிற்றுவிப்பவர் வேறு, தேர்வு வைப்பவர் வேறு என்ற ஒழுங்கும், இன்ன பணிக்கு இன்ன சான்றிதழ் வேண்டும் என்று வேலை கொடுப்பவரே அறிவித்திருந்ததும் அதன் வலிமைகள். இன்றும் அதே துறை ‘அலுவலகத் தானியங்கிக் கணினிச் சான்றிதழ்’ தேர்வை நடத்துகிறது. தட்டச்சர் பணிக்கு அது தேவை. அதுவரை இல்லாதவர், சேர்ந்த பின் தகுதிகாண் பருவத்துக்குள் தேறியாக வேண்டும். திறன் திட்டங்கள் தாமே புதிதாக அச்சிட்டுத் தரும் நூறு வகைச் சான்றிதழ்களுக்கு நடுவே, ஊரறிந்த இந்த ஒரு சான்றிதழுக்கு ஏன் இலவசப் பயிற்சி தருவதில்லை என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு.

இந்த ஒப்பீட்டுக்கு எல்லையும் உண்டு. அரசுப் பணி எல்லோருக்குமான வாசலாக இனி இருக்க முடியாது. 2024 ஜூன் 9 அன்று நடந்த தேர்வாணையத்தின் தொகுதி நான்கு தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். ஆகவே சான்றிதழை மதிக்கும் வேறொரு வேலைதருநரைத் தேட வேண்டியிருக்கிறது. காட்டூரைப் பொறுத்தவரை அவர் அதிக தூரத்தில் இல்லை.

5. பட்டறை அலுவலகத்தின் மேசை

பெல் சார்பு நிறுவனம் ஒன்றின் முன்னறையை நினைத்துப் பாருங்கள். கணினி ஒன்று, அச்சுப்பொறி ஒன்று, ஆணியில் மாட்டிய டெலிவரி சலான் கட்டு. வெளியே தகட்டை லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். உள்ளே ஒருவர் ஜி.எஸ்.டி. விலைப்பட்டியல் போட்டு, ஈ-வே பில் எடுத்து, வண்டி எண்ணைச் சேர்க்க வேண்டும். எண் பிசகினால் வழியில் வண்டி நிற்க நேரலாம். மாலைக்குள் வருங்கால வைப்புநிதிக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் பதிவேற்ற வேண்டியவை இருக்கும். ஒப்பந்தப் புள்ளியை இணையவழியே, கடைசி நாள் ஐந்து மணிக்குள், மின்கையொப்பத்தோடு ஏற்ற வேண்டும். வரைபடத்தின் திருத்த எண் மாறியிருந்தால் அதைக் கவனித்துப் பட்டறைக்குச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பழைய அளவில் தகடு வெட்டப்பட்டு வீணாகும்.

ஜி.எஸ்.டி. 2017 ஜூலையிலும் ஈ-வே பில் 2018 ஏப்ரலிலும் வந்தபின், சிறிய பட்டறைகளும் பெரும்பாலும் இந்த மேசை இல்லாமல் ஓட முடியாது. காட்டூர்ப் பகுதியின் உண்மையான டிஜிட்டல் வேலை இதுதான் என்று நினைக்கிறேன். செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்று அறிவிப்புப் பலகையில் எழுதுவது கண்ணைப் பறிக்கும். மூன்று மாதத்தில் அதைக் கற்ற பி.காம். பட்டதாரியை எந்த நிறுவனமும் அந்த வேலைக்கு எடுப்பதில்லை. டாலி, விரிதாள், ஜி.எஸ்.டி. தாக்கல், ஒப்பந்தப் புள்ளித் தளங்கள், வரைபடத்தைப் படிக்கும் அளவுக்கு ஆட்டோகேட் ஆகியவற்றை ஒருங்கே கற்ற ஒருவருக்கு இந்த மேசையில் இடம் உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை தனித்தனிப் பயிற்சிகளாக எங்கெங்கோ கிடைக்கின்றன. ஒரு பட்டறையின் ஒரு நாளை அப்படியே எடுத்துக்கொண்டு கற்பிக்கும் பாடத்திட்டம்தான் இல்லை.

அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் நடந்திருப்பது இதற்கு நல்ல மாறுபாடு. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு நிலையங்களை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் ‘தொழில் 4.0’ தரத்துக்கு உயர்த்தும் திட்டத்தில், கருவிகளை முன்வைத்தே பாடம் அமைந்தது. எந்திரத்தின் முன் நின்று கற்றவருக்கு என்ன தெரியும் என்று பட்டறைக்காரருக்குப் புரியும். அலுவலக வேலைக்கு இதற்கு இணையான முயற்சி நடக்கவில்லை. நம் திறன் கொள்கையில் கணக்கெழுத்தும் ஆவண வேலையும் தொழிலாகவே மதிக்கப்படவில்லை. பெண் பட்டதாரிகள் மிகுதியாகத் தேடுவது இந்த வேலையைத்தான்.

6. ஆய்வுகள் சொல்வது

வளரும் நாடுகளில் தொழிற்பயிற்சித் திட்டங்களை ஆராய்ந்த டேவிட் மெக்கன்சி 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வின் முடிவு நம்மை நிதானிக்க வைப்பது. பயிற்சி பெற்ற நூறு பேரில், பயிற்சி இல்லாவிட்டால் கிடைத்திருக்காத வேலையைப் பெற்றவர் இரண்டு மூன்று பேர்தாம். நம் மையங்கள் காட்டும் ‘எழுபது விழுக்காடு வேலைவாய்ப்பு’ போன்ற கணக்குகளோடு இதை ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அந்தக் கணக்கில் வருவோரில் பெரும்பாலானோர் பயிற்சி இல்லாமலும் ஏதோ ஒரு வேலைக்குப் போயிருப்பார்கள்.

சராசரி சிறிதாக இருந்தாலும் விதிவிலக்குகள் உண்டு, அவைதாம் பாடம் தருகின்றன. உகாண்டாவில் அல்ஃபொன்சி முதலியோர் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வு, நிறுவனத்துக்குள்ளேயே பயிற்சி பெற்றவரையும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சான்றிதழோடு பயிற்சி பெற்றவரையும் ஒப்பிட்டது. இரு சாராருக்கும் திறன் கூடியது. ஆனால் ஒரு வேலை போனபின் அடுத்ததைப் பிடிப்பதில் சான்றிதழ் பெற்றவர் முன்னே நின்றார். அவருடைய திறனை மற்ற முதலாளிகளாலும் அறிய முடிந்ததே காரணம். தட்டச்சுத் தேர்வைப் பற்றி மேலே சொன்னதோடு இது ஒத்துப்போகிறது.

டெல்லியின் குடிசைப் பகுதிப் பெண்களுக்கான தையல் பயிற்சியை ஆராய்ந்த மைத்ரா, மணி இருவரின் 2017ஆம் ஆண்டுக் கட்டுரையும் நமக்கு நெருக்கமானது. அங்கே பயிற்சி வேலைவாய்ப்பையும் வருவாயையும் தெளிவாக உயர்த்தியது. ஆனால் பலர் பாதியில் நின்றுவிட்டனர். கையில் பணமின்மை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளின்மை, மையத்தின் தூரம் ஆகியவை காரணங்கள்.

7. கட்டணம் போக உள்ள செலவு

தூரம் என்ற காரணத்தைக் காட்டூரில் வைத்துப் பார்க்கலாம். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சுமார் 14.5 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலைக்கு அணுகுசாலை கேட்டு மக்கள் ஆண்டுக்கணக்காகப் போராடி வருகிறார்கள். விபத்துகளுக்குப் பேர்போன இந்தச் சாலையின் இரு பக்கமும்தான் காட்டூர் இருக்கிறது. மாலை வகுப்பு முடிந்து ஏழரை மணிக்கு எதிர்ப்பக்கம் இறங்கும் மகளை எண்ணி ஒரு தாய் வகுப்பையே வேண்டாம் என்று சொன்னால் அதைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பயிற்சிக்குப் போவோருக்கு இது பெரிய உதவி. திறன் திட்டம் எதுவும் இதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை என்றாலும் இதன் பங்கு பெரிது. சாலையைக் கடப்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்தது, வருவாய் இல்லாத மாதங்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்த பட்டதாரிக்கு மாநில அரசு தரும் உதவித்தொகை மாதம் 600 ரூபாய், மேல்நிலை தேறியவருக்கு 400, பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு 300. அன்றாடம் பைக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுத்தோ, கடையில் நின்றோ வீட்டுக்குப் பணம் தரும் பையனை மூன்று மாதம் வகுப்பில் உட்காரச் சொல்லும்போது, அவனுடைய வருவாயை அந்தக் குடும்பம் இழக்கிறது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது அந்த இழப்பைத் தொடுவதே இல்லை. 2024 அக்டோபரில் வந்த பிரதமரின் உள்ளகப் பயிற்சித் திட்டத்தின் முதல் சுற்று இதற்குச் சான்று. பெரிய நிறுவனங்களில் ஓராண்டு, மாதம் 5,000 ரூபாய். 82,000க்கு மேற்பட்ட வாய்ப்புகள் நீட்டப்பட்டன. 28,000 அளவில் ஏற்கப்பட்டன. சேர்ந்தவர் ஏறத்தாழ 8,700 பேர். வெளியூரில் தங்கி அந்தத் தொகையில் வாழ முடியாது என்பது எந்தக் குடும்பத்துக்கும் தெரிந்த கணக்கு.

மூன்றாவது செலவு, கருவி. வகுப்பில் இரண்டு மணி நேரம் தொட்ட கணினியை வீட்டில் தொட முடியாதவருக்குக் கை வராது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துக்கொண்டிருந்தது. கொரோனாவை ஒட்டிய ஆண்டுகளில் அது நின்றுபோனதன் இழப்பை, கைப்பேசியிலேயே கல்லூரியை முடித்து வெளிவந்தவர்களிடம் இப்போது காண்கிறோம். கல்லூரி மாணவர்களுக்கு மீண்டும் மடிக்கணினி என்பது 2025–26 நிதிநிலை அறிக்கையின் முடிவு, வரவேற்க வேண்டியது. நடுவில் விடுபட்ட ஆண்டுகளில் படித்தவர்கள்தாம் இன்றைய வேலையில்லாதோர். அவர்களுக்கு அதில் இடமில்லை.

8. மறுப்பும் விடையும்

பயிற்சியின் பயனை வேலைக் கணக்கில் மட்டும் அளப்பது குறுகிய பார்வை என்று சொல்வோர் உண்டு. வீட்டைவிட்டு வெளியே வருவது, நாலு பேரோடு பழகுவது, தயக்கம் உடைவது, இவையும் பயன் என்கிறார்கள். இதை நான் மறுக்கவில்லை. திருமணத்துக்குப் பின் ஏழெட்டு ஆண்டுகள் வீட்டோடு இருந்த ஒரு பெண், விரிதாளில் தன் பெயரில் முதல் கோப்பைச் சேமித்து மூடித் திறந்து பார்க்கும் மகிழ்ச்சி மதிப்புள்ளது. ஆனால் வேலை என்ற வாக்குறுதியைக் கொடுத்து அவரை அழைத்தோம். வாக்குறுதியை நிறைவேற்றாமல் மகிழ்ச்சியைக் காட்டி அதை ஈடுகட்டுவது நேர்மையாகாது. ஒரு பயிற்சி முடித்து வேலை கிடைக்காதவர் அடுத்த பயிற்சிக்கும் அதற்கடுத்ததற்கும் போய்ச் சான்றிதழ்களைச் சேர்த்துக்கொண்டே வயதைக் கடத்துவதையும் பார்க்கிறோம்.

செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவை புதிய பணம் கேட்பவை அல்ல. பயிற்சி நிறுவனத்துக்குத் தரும் தொகையில் கணிசமான பங்கை, பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து வைப்புநிதிக் கணக்கில் பயனாளியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பின் விடுவிக்கலாம். அந்தத் தரவு அரசிடமே இருக்கிறது. தேர்வைப் பயிற்சி நிறுவனத்திடமிருந்து பிரித்துத் தொழில்நுட்பக் கல்வித் துறையிடம் கொடுக்கலாம். பட்டறை அலுவலக வேலைக்கென ஒரு தேர்வை அத்துறை வகுத்தால், துவாக்குடி, மாத்தூர்த் தொழில் சங்கங்களே அதன் வினாத்தாளுக்கு மாதிரி தரும். மாநகராட்சிப் பள்ளிகளின் கணினி அறைகள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. காட்டூரின் இரு பக்கத்திலும் ஒவ்வொன்றைத் திறந்து வைத்தால் சாலையைக் கடக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் பணம் கேட்கும். பயிற்சி முடிந்து பட்டறையில் சேரும் முதல் மூன்று மாதச் சம்பளத்தில் பாதியை அரசு ஏற்க வேண்டும். அனுபவமில்லாதவரை எடுக்கச் சிறு முதலாளி தயங்குவது அந்த மூன்று மாதத்துக்குத்தான்: பிழையான விலைப்பட்டியலும் தவறவிட்ட ஒப்பந்தப் புள்ளியும் அவருடைய பணம். ஆர்டர் குறைந்த ஆண்டுகளைத் தாண்டி வந்த பட்டறைகளிடம் அந்த இழப்பைத் தாங்கும் வலு இல்லை. தலைக்கு இவ்வளவு என்று பயிற்சி மையத்துக்குப் போகும் தொகையின் ஒரு பகுதி அந்த மேசைக்கு வந்தால், கற்றவர் அங்கே உட்கார்ந்து பிழை செய்து, திருத்தி, வேலையைப் பழகுவார்.